கேபிளை வெட்டினவனின் அக்கா

அன்றைக்குக் காலை ஷிப்டில், டீக்கு விடுவதற்கு முன்பே எங்கள் லைன் நின்றுவிட்டது. நான் செல்போன் செய்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். ஒவ்வொரு போனையும் ஸ்கேன் செய்தால்தான் அதன் எண் கம்ப்யூட்டரில் ஏறும், ஏறினால்தான் அது அடுத்தவள் கைக்குப் போகும். அன்றைக்கு ஸ்கேனர் பச்சை காட்டவே மறுத்தது. சூப்பர்வைசர் ஓடினார், கம்ப்யூட்டர் ஆட்கள் ஓடினார்கள், கடைசியில் விஷயம் வந்து சேர்ந்தது. ரோட்டில் எவனோ ஒரு ஜேசிபிக்காரன் இன்டர்நெட் கேபிளை வெட்டிவிட்டானாம். ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்று கம்பெனி இரண்டு இடத்தில் இணைப்பு வாங்கி வைத்திருந்தது. அந்த இரண்டையும் ஒரே பள்ளத்தில் புதைத்திருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு பூட்டுப் போட்டு, இரண்டு சாவியையும் ஒரே ஆணியில் மாட்டிய புத்திசாலித்தனம்.

நின்ற நேரத்துக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போச்சு என்றதும் பெண்கள் அந்த முகம் தெரியாதவனைத் திட்டித் தீர்த்தார்கள். நான் சும்மா இருப்பேனா? "கண்ணு இன்னா அவிஞ்சா போச்சி அவனுக்கு? ரோட்ட நோண்டறவன் கீழ இன்னா கீதுன்னு பாக்க மாட்டானா?" என்று நான் கேட்டதற்குப் பக்கத்தில் இருந்தவள் கைதட்டினாள்.

எங்களுக்கு உள்ளே போன் கொண்டுபோக அனுமதி கிடையாது. ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்து பார்த்தால் திரை முழுக்க என் தம்பியின் அழைப்புகள். கம்பெனி பஸ்ஸை நோக்கி நடந்துகொண்டே கூப்பிட்டேன்.

"யக்கா, ஸ்டேஷன்ல கீறேன்."

"ஸ்டேஷன்லயா? இன்னாடா பண்ண?"

"கேபிள் ஒண்ணு கட்டாயிடுச்சிக்கா. நான்தான் வண்டில இருந்தேன்."

காலையில் நான் திட்டிய திட்டெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது.

தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் சொந்தமாக வண்டி வைத்திருப்பவன் இல்லை, ஒரு முதலாளியின் ஜேசிபியை ஓட்டுகிறவன். இந்தப் பக்கம் எழும்பியிருக்கிற பாதித் தொழிற்சாலைகளுக்கு அஸ்திவாரப் பள்ளம் எடுத்ததில் அவன் கை உண்டு. குலுங்கிக் குலுங்கி முதுகுத் தண்டு தேய்ந்து, காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வான். இந்த சீட்டில் இனி உட்காராதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகவே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் நேர்காணலுக்குப் போனான். எடுத்துக்கொண்டார்கள். கான்ட்ராக்ட் இல்லை, நேரடியாகக் கம்பெனி ஆள். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் வாய்க்காதது. மருத்துவப் பரிசோதனைகூட முடிந்துவிட்டது. போலீஸ் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. பெயரில் கேஸ் எதுவும் இல்லை என்று ஸ்டேஷனிலிருந்து வந்தால் போதும், மறுநாளே சேர்ந்துவிடலாம். அந்த நேரம் பார்த்துத்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

எங்கள் ரோட்டோரங்களில் சின்னச் சின்னப் பலகைகள் நட்டிருப்பார்கள். கீழே கேபிள் உள்ளது, தோண்டுவது தண்டனைக்குரிய குற்றம் என்று எழுதியிருக்கும். பாதிப் பலகை சாய்ந்து கிடக்கும், பாதியில் காதுகுத்து போஸ்டர் ஒட்டியிருக்கும். தண்டனை என்று எழுதத் தெரிந்தவர்களுக்குக் கேபிள் எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று எழுத மனம் வந்ததில்லை. முழங்கால் ஆழத்தில் புதைத்துவிட்டுப் போகிறவனுக்கு என்ன தண்டனை என்று சொல்லும் பலகையை நான் இன்றுவரை எங்கேயும் பார்த்ததில்லை.

ஸ்டேஷனில் தம்பி ஒரு பெஞ்சின் நுனியில் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தான். ஜேசிபி வெளியே வேப்பமரத்தடியில் நின்றது. அதன் பல்லில் கறுப்பு ஒயர் ஒரு துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஏட்டு நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை.

"பொதுச் சொத்துக்குச் சேதம்னு போட்டா ஜாமீன் எடுக்கறதே கஷ்டம்மா. இது தனியார் கேபிளு, அதனால அந்தச் சட்டம் வராது. ஆனா தெரிஞ்சே சேதம் பண்ணதா கம்ப்ளெய்ன்ட் குடுத்துக்கீறாங்க. அத்த நாங்க வாங்காம இருக்க முடியாது."

"தெரிஞ்சே எவனாவது வெட்டுவானா சார்? இவனுக்கும் அந்தக் கேபிளுக்கும் இன்னா பகை?"

கழுத்தில் அடையாள அட்டை தொங்க, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில் ஒருவர் அங்கே நின்றிருந்தார். கேபிள் கம்பெனியின் ஆள். அவர் தன் போனை என் பக்கம் திருப்பினார். ரோட்டோர மண்ணில், கேபிள் போகும் வழியெல்லாம் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு, வெள்ளை வெளேரென்று இருந்தது. படத்தின் மூலையில் முதல் நாள் சாயங்கால நேரம் பதிவாகியிருந்தது.

"நாங்க மார்க் பண்ணிக் குடுத்துட்டோம் மேடம். அது மேலயே கொண்டுபோய் பக்கெட்ட எறக்கினா நாங்க என்ன செய்யிறது?" என்றார். தென்மாவட்டத்துப் பேச்சு. அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

தம்பியைப் பார்த்தேன். "கோடு இல்லக்கா. நான் வரும்போது அங்க கோலம்தான் இருந்திச்சி" என்றான்.

நடந்தது இதுதான். எங்கள் பக்கத்தில் மழைநீர்க் கால்வாய் தோண்டும் வேலை. வேலை சின்னதோ பெரியதோ, மண்ணைத் தொடுவதற்கு முன் இங்கே பூஜை போடாமல் இருக்கமாட்டார்கள். எலுமிச்சம்பழத்தை வண்டிச் சக்கரத்தின் கீழே வைத்து நசுக்கவேண்டும், பூசணிக்காய் உடைக்கவேண்டும். வேலை நடக்கும் இடத்தின் ஈசானிய மூலை, அதாவது வடகிழக்கு, எதுவோ அங்கே பெரிய மனிதர் ஒருவர் கடப்பாரையால் ஒரு குத்துக் குத்துவார். அவர் குத்திய அதே இடத்தில், நல்ல நேரம் முடிவதற்குள், வண்டியின் முதல் கொத்து விழவேண்டும். தள்ளி விழுந்தால் அபசகுனம். அன்றைக்கு ஊர்த் தலைவர் வருகிறார் என்று காலையிலேயே ஆள் வைத்துப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, பெரிய கோலம் ஒன்று போட்டுவைத்திருந்தார்கள். முதல் நாள் போட்ட சுண்ணாம்புக் கோடு துடைப்பத்தோடு போய்விட்டது. ஈசானிய மூலைக்கு நேர் கீழே கேபிள் படுத்திருந்தது.

"கேபிள் கீதான்னு நான் கேட்டேன்க்கா. கேபிள்காரன் பாத்துட்டுப் போய்ட்டான், அது அந்தாண்ட போவுது, நேரம் ஆவுது, நீ போடுன்னாரு சூப்பர்வைசரு. போட்டேன்."

சூப்பர்வைசர் என்பவர் கான்ட்ராக்டரின் ஆள். கேபிள் பிய்ந்துகொண்டு மேலே வந்ததும் பூஜைத் தட்டை எடுத்துக்கொண்டு பைக்கில் போனவர்தான். மறுநாள் விசாரணையில், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சொல்லிவிட்டார். பெருக்கச் சொன்னது யார் என்று கேட்டதற்கு, யார் பெருக்கினார்கள் என்றே தனக்குத் தெரியாது என்றார். தலைவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆனால் எங்கள் ஊரில் அம்பைத்தான் ஸ்டேஷனில் உட்காரவைப்பார்கள். எஃப்.ஐ.ஆரில் ஏறியது என் தம்பி பெயர் மட்டும்தான்.

ஒரகடத்துக் கம்பெனிக்காரர்கள் மோசமில்லை. கேஸ் பொய்யென்று முடிந்து விடுதலை உத்தரவு கொண்டுவந்தால் எடுத்துக்கொள்கிறோம், அடுத்த பேட்ச் சேருகிறவரைக்கும் இடத்தை வைத்திருக்கிறோம் என்றார்கள். அதனால் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் குற்றம் செய்யவில்லை என்று ஒரு தாள்.

தண்டலத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். அவர் விஷயத்தை நறுக்கென்று சொல்லிவிட்டார்.

"இங்க பாரும்மா. கோடு இருந்து, அதைப் பார்த்தும் தோண்டினான்னா, அது தெரிஞ்சே செஞ்சது. கோடு இல்லைன்னா குற்றமே இல்ல. நஷ்டம்னு கேட்டா கான்ட்ராக்டர் கிட்ட கேட்டுக்கட்டும். அவங்க கையில போட்டோ இருக்கு. காலைல அந்தக் கோடு அங்க இல்லைன்னு சொல்ல உன் கையில என்ன இருக்கு?"

"அத்தினி பேர் பூஜைக்கு வந்தாங்களே சார்."

"வந்தவங்கள்ல ஒருத்தரையாவது கூட்டிட்டு வா. இல்ல, குற்றத்தை ஒத்துக்கிட்டா அன்னைக்கே ஃபைன் கட்டிட்டு முடிச்சிடலாம். நிறைய பேர் அப்படித்தான் செய்யறாங்க."

ஒத்துக்கொண்டால் வேலை போச்சு. அது அவருக்கும் தெரியும்.

நான் ஆள் தேடக் கிளம்பினேன். அந்த மாதம் முழுக்க ஷிப்ட் முடிந்து வந்து, சோறு ஆக்கிவைத்துவிட்டு, வீடு வீடாக ஏறி இறங்கியதுதான் மிச்சம். பூஜைக்கு வந்து கேசரி தின்றவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் மறதி வந்துவிட்டது. "நான் பின்னால நின்னேன்மா" என்றார் ஒருவர். "நான் அப்பதான் போன் பேசிக்கினு இருந்தேன்" என்றார் இன்னொருவர். வாட்ஸ்அப்பில் படம் சுற்றியது என்று கேள்விப்பட்டு அதையும் தேடிப் பிடித்தேன். பத்துப் பதினைந்து படம் இருக்கும். எல்லாவற்றிலும் தலைவர் இருந்தார், சால்வை இருந்தது, மாலை இருந்தது, கடப்பாரையைப் பிடிக்கப் போட்டிபோட்ட கைகள் இருந்தன. தரை ஒன்றிலும் இல்லை. ஒரு படத்திலாவது கொஞ்சம் கீழே காட்டித் தொலைத்திருக்கக் கூடாதா என்று வாய்விட்டே திட்டினேன். என் தம்பியின் பிழைப்பு அந்தப் படச் சட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருந்தது.

கடைசியில் பெருக்கினவரையே கண்டுபிடித்தேன். தேடியிருக்கவே வேண்டாம். நான் தினமும் பஸ் ஏறுகிற மண்ணூர்க் கூட்டுரோட்டு நிறுத்தத்தில் பெருக்குகிற அதே அம்மாள்தான். ஊராட்சியின் கூலியில் தெருக்களைச் சுத்தம் செய்கிறவர், வயது ஐம்பதுக்கு மேல். வருடக்கணக்காகப் பார்க்கிற முகம், நின்று பேசியதில்லை. கேட்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுச் சொன்னார்.

"ஆமா கண்ணு, நான்தான் பெருக்குனேன். அந்த சூப்பர்வைசர் தம்பி வந்து, தலைவர் வராரு, சுத்தமா பெருக்கி கோலம் போடுன்னாரு. வெள்ளையா சுண்ணாம்பு கோடு ஒண்ணு இருந்திச்சி. கல்யாண ஊர்வலத்துக்குப் போட்டதுன்னு நெனச்சி நானும் பெருக்கிட்டேன். அதுக்கு இன்னா இப்ப?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"அந்தப் பையன் மேலயா போட்டுட்டாங்க? அவன் இன்னா பண்ணான் பாவம். நான் வந்து சொல்றேன் கண்ணு. நடந்தத சொல்றதுக்கு எனுக்கு இன்னா?"

எனக்கு அப்படியே அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை பெரிய மனிதர்கள் கைவிரித்த இடத்தில், இவர் யோசிக்கக்கூட இல்லை.

கோர்ட்டுக்கு வரச் சொன்ன நாளில் நான் லீவு போட்டேன். அந்த அம்மாள் நல்ல புடவையாக ஒன்று கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். லீவு போட்டால் கூலி கிடையாது அவருக்கு. வராந்தாவில் கூட்டம். வக்கீல் அவரைத் தனியாக ஒரு தூணோரம் நிறுத்தி, நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். நானும் தம்பியும் பக்கத்தில் நின்றோம். அவர் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். கேட்டு முடித்ததும், கீழே டீக்கடையில் போய் உட்காரும்மா, கூப்பிடும்போது வா என்று வக்கீல் அவரை அனுப்பிவைத்தார்.

அவர் படியிறங்கியதும் வக்கீல் எங்களிடம் சொன்னார். "நல்ல சாட்சி. பையன் வெளிய வந்துடுவான். ஒண்ணு மட்டும் தெரிஞ்சிக்கங்க. கோட்டை அழிச்சதே இவங்கன்னு ஆயிடும். கேபிள் கம்பெனிக்காரன் விடமாட்டான், இவங்க பேரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பான். ஊராட்சியில வேலைக்கும் வெச்சுக்க மாட்டாங்க."

"பெருக்கச் சொன்னது சூப்பர்வைசர்தானே சார்?" என்றேன்.

"அவரு இல்லன்னுட்டாரே. அவரு சொன்னதுக்கு யாரு சாட்சி?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சட்டம் என்றால் பள்ளத்தில் தண்ணீர் ஓடுகிற மாதிரி தாழ்ந்த இடத்தைத்தான் தேடிப்போகுமா? ஆழமாகப் புதைக்காதவன், இரண்டு கேபிளை ஒன்றாகப் போட்டவன், கோட்டின் மேல் பூஜை வைத்தவன், நேரம் ஆகிறது போடு என்றவன், இவர்கள் எல்லோரையும் தாண்டி ஓடி வந்து ஒரு ஓட்டுநரிடம் நின்றது. அவனை விட்டால் ஒரு துடைப்பத்திடம் போய் நிற்கும். ஆனாலும் அந்த நிமிடத்தில் என் மனதில் தம்பி மட்டும்தான் இருந்தான். "சொல்லட்டும் சார், அப்பறம் வர்றத அப்பறம் பாத்துக்கலாம்" என்றுதான் நான் சொன்னேன்.

தம்பி வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து, டீயை டம்ளரில் ஆற்றிக்கொண்டிருந்தார். அதற்குள் உள்ளேயிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மாஜிஸ்திரேட் ஒரு பெண்மணி. குற்றச்சாட்டை வாசித்துக் காட்டி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லவேண்டும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"ஒத்துக்கறேம்மா. கோடு இருந்திச்சி. நான்தான் சரியா பாக்கல" என்றான் என் தம்பி.

வக்கீல் அவனைத் திரும்பிப் பார்த்தார். நான் பின்வரிசையில் எழுந்தே நின்றுவிட்டேன். போலீஸ்காரர் ஒருவர் உட்காரும்படி சைகை காட்டினார். மாஜிஸ்திரேட் இன்னொரு முறை நிதானமாகக் கேட்டார், யாராவது வற்புறுத்தினார்களா என்றும் கேட்டார். இல்லைம்மா என்றான். அபராதமும், கோர்ட் கலையும்வரை அங்கேயே நிற்கவேண்டும் என்பதும் தண்டனை. தேய்ந்த முதுகோடு அவன் சாயங்காலம்வரைக்கும் ஓரமாகக் கை கட்டி நின்றான்.

நான் கீழே இறங்கிப் போனேன். அந்த அம்மாள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். "கூப்பிட்டாங்களா கண்ணு?" என்றார்.

"இல்லக்கா. நீங்க வரத் தேவையில்லாமயே முடிஞ்சிபோச்சி."

"நல்லபடியாவா?"

"ம்" என்றேன்.

தம்பியோடு வீட்டுக்குத் திரும்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கேட்டுவிட்டேன்.

"அறிவு கீதாடா உனக்கு? எத்தினி வூட்டு வாசப்படி ஏறி எறங்கினேன் உனக்காக? அந்த வேல மறுபடி வருமா?"

"வராதுக்கா."

"அப்பறம் இன்னாத்துக்குடா ஒத்துக்கின?"

"எனக்காவது ஓட்டறதுக்கு வண்டி கீது. அது பாவம், தொடப்பத்த வெச்சிக்கினு எங்கக்கா போவும்?" என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு நடந்தான். அவன் சொன்னது தப்பென்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். ஆனால் கோபம் ஆறவில்லை. அவன் பெரியமனது பண்ணியதில் யாருக்கு லாபம் என்று பார்த்தால், பைக்கில் தப்பிப் போனவருக்கும் சால்வை போர்த்திக்கொண்டவருக்கும்தான். அந்தக் கால்வாயை அவர்களே தோண்டி முடித்து, திறப்பு விழாவுக்கும் பூஜை போட்டார்கள்.

ஒரகடத்துக் கம்பெனி அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துக்கொண்டது. தம்பி திரும்ப ஜேசிபிக்கே போனான். இடுப்பில் பெல்ட் ஒன்று கட்டிக்கொண்டு ஓட்டுகிறான்.

கொஞ்ச நாள் நான் அடுத்த நிறுத்தம்வரை நடந்து போய் அங்கே பஸ் ஏறினேன். அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஒரு நாள் மழை, நடக்க முடியாமல் கூட்டுரோட்டிலேயே நின்றேன். அவர் நிழற்குடைக்குள் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் வந்துவிட்டார்.

"இன்னா கண்ணு, ஆளையே காணோம்? தம்பிக்கு அந்தக் கம்பெனி வேல கெடச்சிச்சா?"

பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. "கெடச்சிடுச்சிக்கா" என்றேன்.

அவர் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஈரக் கைகளைக் குவித்து ஒரு கும்பிடு போட்டார்.

"என்னால ஒரு ஒதவியும் ஆவலியேன்னு இருந்திச்சி. பாத்தியா கண்ணு, நான் வாயே தொறக்கல, நாயம் தானா வந்துடுச்சி."

பஸ் வந்து நின்றது. நான் ஏறிக்கொண்டேன்.